பாவித்த மின்சார ஜீப் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காணிக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு கமக்காரக் குடும்பம் தன் வாழ்நாளில் இறைக்கும் பெருந்தொகைப் பணம் வாகனத்துக்கே போகின்றது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி, 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு மறுபடியும் எழும்பி, பின்னர் வன்னியிலும் தென்மராட்சியிலும் இருந்து திரும்பி, இன்று அரியாலையிலும் அதன் கிழக்குக் கரையோரத்திலும் குடியிருக்கும் குடும்பங்களைப் பொறுத்தவரை இது இன்னும் பெரிய காரியமாகும். அவர்களுடைய கையில் இருக்கும் பணம் ஒரு போக வெங்காயத்தின் பணமன்று. காப்பை விற்ற பணம், கனடாவிலிருக்கும் தம்பி அனுப்பிய பணம், சீட்டுப் பணம் என்று பல வாய்க்கால்களால் வந்து ஒரு பாத்தியில் தேங்கியது. அது ஒருமுறை வற்றினால் திரும்பவும் நிரம்ப நீண்ட காலம் செல்லும்.

அண்மைக் காலமாக எம்மிடம் வருவோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "பாதர், பற்றரியில் ஓடுகிற பாவித்த ஜீப் ஒன்று வருகுது. வாங்கலாமோ?" ஆமென்றோ இல்லையென்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாத கேள்வி இது. ஆகவே அந்த வாகனத்தை எப்படிப் பரிசோதிப்பது என்பதை இங்கு சற்று விரிவாகச் சொல்ல முனைகின்றோம்.

பொருளாதாரத் தடைக்காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இது முற்றிலும் புதிய அனுபவம் அன்று. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காதபோது எமது மெக்கானிக்குகள் பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வாகனங்களை வாங்கப் போனவர்கள் காதாலும் மூக்காலும் சோதித்தார்கள். புகையின் நிறத்தைப் பார்த்தே எஞ்சினின் வயதைச் சொல்லக்கூடியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். மின்சார வாகனத்திலோ புகையும் இல்லை, சத்தமும் இல்லை, எண்ணெய் ஒழுக்கும் இல்லை. கெட்டுப்போன வாகனமும் நல்ல வாகனத்தைப் போலவே சத்தமின்றி, வழுக்கிக்கொண்டு ஓடும். கேடு முழுவதும் பற்றரிக்குள் மறைந்திருக்கும். எமது மக்கள் ஏமாறுவதற்கு முதற் காரணம் இதுவே.

எவை மின்சார வாகனம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எமது வீதிகளில் ஓடும் ஹொண்டா வெசலைப் பலர் "பற்றரி ஜீப்" என்கின்றனர். அது கலப்பு வாகனம். பெற்றோல் இல்லாமல் அது ஓடாது. அதைச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றவும் முடியாது. மிற்சுபிசி அவுட்லாண்டரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் வகை ஒன்று உண்டு. அதில் பெற்றோல் எஞ்சினும் இருக்கிறது, சிறிய பற்றரியும் இருக்கிறது. முற்றிலும் மின்சாரத்தில் ஓடுவது வேறு வகை. இலங்கையில் பாவித்த நிலையில் அதிகமாகக் காணப்படுவது நிசான் லீஃப் என்ற கார். 2015 ஆம் ஆண்டையொட்டி யப்பானிலிருந்து பாவித்த நிலையிலேயே இது பெருமளவில் இறக்குமதியாயிற்று. இது ஜீப் அல்ல, தாழ்ந்த கார். ஆனாலும் பாவித்த மின்சார வாகனத்தைப் பற்றி நாம் கற்கவேண்டிய பாடங்கள் யாவும் இதில் உண்டு.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் வெளிநாட்டில் வேலை செய்து வங்கி வழியாகப் பணம் அனுப்பியோருக்கு மாத்திரம் மின்சார வாகனம் கொண்டுவர அனுமதி வழங்கப்பட்டது. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களின் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. இவ்வழிகளில் வந்தவற்றுள் பீ.வை.டீ. அற்றோ 3, எம்.ஜீ. இசட்.எஸ். போன்ற உண்மையான மின்சார ஜீப்புகளும் உண்டு. அவற்றுள் சில இப்போது கைமாறத் தொடங்கியுள்ளன.

எதற்காக வாங்குகிறீர்கள்?

விற்பவரிடம் போகுமுன் வீட்டுக்குள் இருந்து பேசித் தீர்க்க வேண்டியது இது. மரக்கறியும் வெங்காயமும் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ ஏற்றுவதுதான் நோக்கமென்றால், ஜீப் என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அற்றோ 3 போன்ற ஜீப் ஒன்று ஆட்களோடு சேர்த்துச் சுமக்கக்கூடிய பாரம் ஏறத்தாழ 400 கிலோ. 50 கிலோ வெங்காய மூட்டை எட்டு ஏற்றினால் சாரதிக்கு இடமில்லை என்பது கணக்கு. லான்ட்மாஸ்டரின் பெட்டி இதைவிட எவ்வளவோ அதிகம் சுமக்கும், சேறும் அதற்கொரு பொருட்டல்ல. பாரம் ஏற்றுவதற்கு மின்சார ஜீப் வாங்குவதை நாம் விரும்பவில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, வைத்தியசாலைக்குப் போவது, வாடகைக்கு ஓடுவது, இடையிடையே பத்துப் பதினைந்து கடகம் மரக்கறி கொண்டுபோவது என்றால் அது வேறு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள் என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது 40 கிலோமீற்றரைத் தாண்டாது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகளுக்கு அது உதவும்.

பற்றரியே வாகனம்

மின்சார வாகனத்தின் பெறுமதியில் மிகப் பெரிய பங்கு அதன் அடியில் தட்டையாகப் பொருத்தப்பட்டிருக்கும் பற்றரிக்கு உரியது. லீஃப் காரில் இதன் எடை மட்டும் 300 கிலோவை அண்மிக்கும். பற்றரியின் கொள்ளளவை மின்சாரப் பட்டியலில் வரும் அதே "யூனிற்" கணக்கில் சொல்லலாம். முதலில் வந்த லீஃப் 24 யூனிற் கொள்ளும். 2015 இன் இறுதியில் 30 யூனிற் பற்றரியும், 2017 இல் 40 யூனிற் பற்றரியும் வந்தன. அற்றோ 3 இல் ஏறத்தாழ 50 யூனிற், 60 யூனிற் என இரு வகை உண்டு.

புதிதாக இருக்கையில் 24 யூனிற் லீஃப் ஒருமுறை நிரப்பினால் உண்மையில் ஓடியது 120 முதல் 135 கிலோமீற்றர் வரையே. விற்பவர்கள் "இருநூறு ஓடும்" என்று சொல்வது யப்பானிய சோதனைக்கூடத்தின் கணக்கு. எமது கண்டி வீதிக் கணக்கு அன்று. 30 யூனிற் வாகனம் ஏறத்தாழ 170 கிலோமீற்றரும், 40 யூனிற் வாகனம் ஏறத்தாழ 240 கிலோமீற்றரும் ஓடின. இவையெல்லாம் புதிய பற்றரிக்கான எண்கள்.

பற்றரி ஒரு நீர்த்தொட்டி போன்றது. ஆனால் ஆண்டுதோறும் தொட்டியே சிறுத்துக்கொண்டு வரும். வெப்பம் அதை விரைவாகச் சிறுக்க வைக்கும். இங்கேதான் லீஃப் காரின் பெரிய குறை வெளிப்படுகின்றது. அதன் பற்றரியைக் குளிர்விக்க நீரோட்டமோ விசிறியோ கிடையாது. 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் லீஃப் வைத்திருந்தோர், ஓரிரு ஆண்டுகளிலேயே ஓடும் தூரம் குறைந்துவிட்டதென முறையிட்டனர். அதன் பின்னரே அந்நிறுவனம் பற்றரிக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் வழங்க முன்வந்தது. யாழ்ப்பாணம் பாலைநிலமன்று என்றாலும் ஆண்டு முழுவதும் சூடான நாடு. அற்றோ 3 போன்ற புதிய ஜீப்புகளில் பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கின்றது. அதோடு அவற்றின் பற்றரி இரும்புப் பொஸ்பேற்று வகையைச் சேர்ந்தது. இவ்வகை வெப்பத்தையும் அடிக்கடி சார்ஜ் ஏற்றுவதையும் கூடுதலாகத் தாங்கும்.

ஆகவே லீஃப் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது செய்யப்பட்ட ஆண்டு. இலங்கையில் பதிந்த ஆண்டு அதுவன்று. 2015 இல் பதியப்பட்ட வாகனம் 2012 இலோ 2013 இலோ செய்யப்பட்டிருக்கலாம். வாகனப் புத்தகத்தில் இரண்டு ஆண்டுகளும் இருக்கும்.

கோடுகளை நம்பலாமா?

லீஃப் காரின் சாரதி முன்னுள்ள திரையில், வலப்புற ஓரத்தில் பன்னிரண்டு சிறு கோடுகள் உண்டு. அவை அன்றைய சார்ஜைக் காட்டுவன அல்ல. தொட்டி எவ்வளவு சிறுத்துவிட்டது என்பதைக் காட்டுவன. முதற் கோடு போகும்போது கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் போயிருக்கும். அதன்பின் போகும் ஒவ்வொரு கோடும் 6 வீதத்துக்குச் சற்றுக் கூடுதலான இழப்பைக் குறிக்கும். ஒன்பது கோடு நின்றால் எஞ்சியிருப்பது 70 வீதத்தைச் சுற்றி என்று கொள்ளலாம்.

ஆனால் இக்கோடுகளைக் கருவி கொண்டு மீள அமைத்துப் பன்னிரண்டாகக் காட்ட முடியும். இது பல நாடுகளில் நடந்த மோசடி. சில கிழமை ஓடிய பின் கோடுகள் தாமாக உண்மை நிலைக்கு இறங்கிவிடும். அதற்குள் காசு கைமாறிவிடும். பத்து வயது கடந்த லீஃப் ஒன்று பன்னிரண்டு கோடும் காட்டினால் சந்தோசப்படாதீர்கள்; சந்தேகப்படுங்கள். பற்றரி மாற்றியதாகச் சொன்னால், எங்கே, எப்போது, எந்தப் பற்றுச்சீட்டுடன் என்று கேளுங்கள். பழைய பற்றரிகள் பலவற்றிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாக்கிப் போடுவதும் உண்டு. அதுவும் ஓடும், ஆனால் அதைப் புதிய பற்றரியின் விலைக்கு வாங்கக்கூடாது.

இரண்டாவது வழி ஸ்கானர். ஸ்ரியரிங்கின் கீழுள்ள சோதனைத் துவாரத்தில் சிறிய கருவியொன்றைச் செருகி, கைத்தொலைபேசியில் "லீஃப் ஸ்பை" என்ற செயலியால் பார்க்கலாம். பற்றரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம், விரைவுச் சார்ஜ் எத்தனை முறை ஏற்றப்பட்டது, உள்ளே இருக்கும் 96 சோடிக் கலங்கள் ஒவ்வொன்றினதும் வோல்ட் என்ன என்பவற்றை அது காட்டும். எல்லாச் சோடியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்பது நல்லது. சார்ஜ் குறைந்த நிலையில் ஒரேயொரு சோடி மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் கீழே விழுந்து நின்றால் அது பலவீனமான கலம். தோணியில் ஒரு பலகை உக்கினாலும் தோணி கரைசேராது. பற்றரியும் அப்படியே, மிகப் பலவீனமான சோடியே முழுப் பற்றரியின் எல்லையைத் தீர்மானிக்கின்றது. ஏனைய வாகனங்களுக்கு அவற்றுக்குரிய ஸ்கானர் வைத்திருக்கும் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். விற்பவர் அழைத்துப் போகும் கராஜ் வேண்டாம். நீங்கள் தெரிந்தெடுக்கும் கராஜ்.

மீற்றர் சோதனை

ஸ்கானர் இல்லாதவர்களும் செய்யக்கூடிய சோதனையொன்று உண்டு. எல்லாவற்றிலும் இதையே நாம் அதிகம் நம்புகின்றோம். ஏனெனில் வாகனத்தின் திரை பொய் சொன்னாலும் வீட்டு மின்மீற்றர் பொய் சொல்லாது.

வாகனத்தை 20 வீதம் வரும்வரை ஓட்டுங்கள். பின்னர் வீட்டிலுள்ள மற்ற எல்லாச் சுவிச்சுகளையும் நிறுத்தி, மின்மீற்றரின் எண்ணைக் குறித்துக்கொண்டு சார்ஜ் ஏற்றுங்கள். 100 வீதம் வந்ததும் மீண்டும் மீற்றரைப் பாருங்கள். உதாரணமாக 15 யூனிற் போயிருக்கிறது என்று வைப்போம். சார்ஜ் ஏற்றும்போது வெப்பமாகச் சிறிது வீணாகும். 13 யூனிற் பற்றரிக்குள் சென்றிருக்கும். இது 80 வீதத்துக்குரிய அளவு. 13 ஐ 80 ஆல் பிரித்து 100 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 16 யூனிற். 24 யூனிற் லீஃப் புதிதாக இருக்கையில் உண்மையில் பாவிக்கக்கூடியது 21, 22 யூனிற்றே. ஆகவே இந்தப் பற்றரியில் எஞ்சியிருப்பது நான்கில் மூன்று பங்கு. திரை பன்னிரண்டு கோடு காட்டினால் திரை பொய் சொல்கிறது.

இச்சோதனைக்கு ஓரிரவு முழுவதும் செல்லும். விற்பவர் மறுத்தால், "ஓரிரவு தர மறுக்கும் வாகனத்துக்கு என் ஆயுட்காலச் சேமிப்பை எப்படித் தருவது?" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு எழும்பி வாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

விடியற்காலை, வாகனம் ஆறியிருக்கும்போதே போங்கள். நீங்கள் போகுமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கும் காரணம் இருக்கலாம். மாம்பழம் சந்தியிலிருந்து கண்டி வீதியால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, சாவகச்சேரி தாண்டிக் கொடிகாமம் வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீற்றரைச் சுற்றி வரும். வீட்டில் வழமையாக ஏறும் ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, மணிக்கு ஐம்பது அறுபதில் ஓட்டுங்கள். புறப்படும்போதும் திரும்பியபோதும் கிலோமீற்றரையும் சார்ஜ் வீதத்தையும் எழுதுங்கள். 40 கிலோமீற்றருக்கு 40 வீதம் இறங்கியிருந்தால் முழு ஓட்டம் 100 கிலோமீற்றர்.

ஒரு வழி மட்டும் ஓடிக் கணக்குப் பார்க்கக்கூடாது. செம்மணி வெளியில் சோளகக் காற்று எதிர்த்து வீசும்போது சார்ஜ் விரைவாக இறங்கும், திரும்பும்போது காற்றுத் தள்ளிவிடும். போய்வந்த கணக்கே சரியான கணக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: சார்ஜ் படிப்படியாக இறங்க வேண்டும். 35 வீதத்திலிருந்து திடீரென 20 க்குப் பாய்ந்தால் உள்ளே ஏதோ ஒரு கலம் கைவிடுகின்றது.

ஓடும் தூரத்தில் மூன்றிலொரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைத்தே கணக்குப் பாருங்கள். நாளொன்றுக்கு 40 ஓடுபவருக்கு முழு ஓட்டம் 70 கிலோமீற்றர் இருக்கும் பழைய லீஃபும் போதும், விலை அதற்கேற்பக் குறைந்திருந்தால். தேய்ந்த பற்றரி என்பதற்காக மாத்திரம் வாகனத்தைத் தள்ள வேண்டியதில்லை. தேய்ந்ததைத் தேய்ந்ததென்று அறிந்து, தேய்ந்த விலைக்கு வாங்கலாம். இதனால் கெட்டுப்போனவர்கள் அறியாமல் வாங்கியவர்களே. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மயிலிட்டிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் வெங்காயம் செய்பவர்கள், வாடகை ஓடிக் கடன் கட்டலாமென்று லீஃப் ஒன்றை வாங்கினர். நூற்றிருபது ஓடும் என்று சொல்லப்பட்டது. ஓடியது ஐம்பத்தைந்து. கிளிநொச்சிக்கு வாடகை கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. கட்டுக்காசு மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்தது.

உப்பும் வெள்ளமும்

கடனீரேரிக் கரையில் வாழும் எமக்கு உப்பைப் பற்றி யாரும் பாடஞ்சொல்ல வேண்டியதில்லை. கிணற்றையும் கூரைத் தகரத்தையும் தின்பது போலவே அது வாகனத்தின் அடியையும் தின்னும். வாகனத்தைக் கராஜில் உயர்த்திப் பற்றரிப் பெட்டியின் அடித்தகட்டைப் பாருங்கள். பொருக்கு, நெளிவு, மதகில் இடித்த தழும்பு, புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்ற், இவை எதுவும் நல்ல அடையாளமன்று. செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களின் உறை வெடித்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். கை வைக்காதீர்கள். அவற்றில் ஓடுவது 350, 400 வோல்ட் நேர்மின்சாரம். வீட்டு மின்சாரத்தைவிடக் கொடியது. எமது ஊர் மெக்கானிக்குகளின் திறமையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இதற்கெனப் பயிற்சியும் உறையும் இல்லாதவர் அந்த வயரைத் தொடக்கூடாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல மாவட்டங்களில் வாகனங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வாறு மூழ்கியவை கழுவப்பட்டு, மணமூட்டப்பட்டுத் தூர இடங்களுக்கு விற்பனைக்குப் போவது எல்லா நாடுகளிலும் நடப்பது. பெற்றோல் வாகனம் வெள்ளத்தில் நின்றால் எஞ்சினைக் கழற்றித் துடைக்கலாம். பற்றரிப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் மாதங்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். சீற் பெல்ற்றை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீற்றின் இரும்புச் சட்டத்தில் துருவும், வயர் பொருத்துகளில் பச்சைப் பூப்பும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ரயர், பிரேக், சொக்கப்சோபர் முதலியவற்றை எந்த நல்ல மெக்கானிக்கும் பார்த்துச் சொல்வார். சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒன்றும் இவ்வாகனங்களில் உண்டு என்பதை மட்டும் மறவாதீர்கள். அது செத்தாலும் வாகனம் எழும்பாது. அது சிறு செலவு. அதைக் காட்டிப் பெரிய பற்றரி போய்விட்டதென்று பயமுறுத்துவோரும் உளர்.

வீட்டில் மின்சாரம் இருக்கிறதா?

இக்கேள்வியை நகரத்தார் கேட்கமாட்டார்கள். நாம் கேட்க வேண்டியுள்ளது. உறவினர் வளவில் கொட்டில் போட்டிருப்பவர், பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து விளக்கெரிப்பவர், குத்தகைக் காணியில் இருப்பவர் யாவரும் முதலில் தம் பெயரில் மின் இணைப்பைப் பெற வேண்டும். இரவல் வயரில் மின்சார வாகனம் வளர்க்க முடியாது.

வீட்டுக்கான சாதாரண இணைப்பு 30 அம்பியர். 10 அம்பியர் சார்ஜர் ஒன்று மணிக்கு 2.3 யூனிற் இழுக்கும். 60 யூனிற் ஜீப்பை வெறுமையிலிருந்து நிரப்ப ஒரு நாளுக்கு மேல் செல்லும். ஆனால் அன்றாடம் ஓடிய 40 கிலோமீற்றருக்கு வேண்டிய 8 யூனிற்றை நாலு மணித்தியாலத்தில் ஏற்றிவிடலாம். மணிக்கணக்காக ஒரே சீராக இழுப்பதால் பழைய பிளக்கும் மெல்லிய வயரும் சூடாகி உருகும். மின்மீற்றரிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, அதற்கெனத் தனி ரிப் சுவிச் போட்டு, நல்ல எர்த் அடிக்க வேண்டும். அரியாலை கிழக்கின் மணலில் கோடையில் எர்த் கம்பியின் பிடி குறைந்துவிடும். தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு கோடையிலேயே அதை அளந்து பார்ப்பது நல்லது. இச்செலவையும் வாகன விலையோடு சேர்த்தே கூட்டுங்கள்.

பட்டியலையும் பாருங்கள். நாளொன்றுக்கு 7, 8 யூனிற் என்றால் இருபத்தைந்து நாளில் 175 முதல் 200 யூனிற் வரை வரும். எமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையிலானது. 180 யூனிற்றைத் தாண்டியதும் உச்சப் படி. 60 யூனிற் மட்டும் பாவித்து வந்த வீடு ஒரே தாவலில் அந்தப் படிக்குப் போகும். பகலுக்கும் இரவுக்கும் வேறுவேறு விலையுள்ள கட்டணமுறைக்கு உங்கள் இணைப்பு பொருந்துமா என்று மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்போர் பகலில் ஏற்றினால் அது பெரிய ஆறுதல்.

"ஓரிரவில் எழும்ப வேண்டி வந்தால்?" என்று வயதானவர்கள் கேட்கின்றனர். 1995 இல் அதே நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்கள் கேட்கும் கேள்வியை நாம் சிரித்துத் தள்ள முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. ஆனால் அதே 2022 இல் பெற்றோலும் கியூ.ஆர். அட்டைக்குள் அடங்கியது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். எரிபொருள் எதுவானாலும் பிறர் கையில் இருக்கும்வரை இவ்வச்சம் தீராது. மின்சார வாகனம் வைத்திருப்பவர் எப்போதும் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருக்கலாம். அதற்கு மேல், வீட்டில் சைக்கிளை விற்றுவிடாதீர்கள்.

செருகியும் உத்தரவாதமும்

எல்லாச் சார்ஜருக்கும் ஒரே வாய் அன்று. லீஃப் காருக்கு யப்பானிய வாய். இலங்கைக்கென இறக்கப்பட்ட அற்றோ 3 க்கு ஐரோப்பிய வாய். சீனச் சந்தைக்கெனச் செய்யப்பட்டுத் தனியார் கொண்டுவந்தவற்றுக்குச் சீன வாய். திரையிலுள்ள எழுத்துகள் சீனமாக இருந்தால் செருகியையும் பாருங்கள். நீங்கள் பாவிக்க எண்ணும் விரைவுச் சார்ஜ் நிலையத்துக்கு வாகனத்தையே கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பதே உறுதியான வழி. பற்றரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் தருகின்றன. அது முகவர் வழியாக வந்த வாகனத்துக்கு மட்டுமா, இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை விற்பவரின் வாயால் அன்றி முகவரின் எழுத்தால் அறியுங்கள்.

புத்தகமும் பெயரும்

வாகனப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். "அடுத்த மாதம் எடுத்துத் தாறன்" என்ற வார்த்தைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சட்ட இலக்கத்தையும் மோட்டார் இலக்கத்தையும் வாகனத்திலும் புத்தகத்திலும் ஒப்பிடுங்கள். மோட்டார் வலுவையும் பாருங்கள்: மின்சார வாகன வரி அந்த வலுவைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. 2025 இல் பீ.வை.டீ. வாகனங்கள் சிலவற்றின் வலுவைப் பற்றிச் சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் வழக்கே எழுந்தது.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் புத்தகத்தில் ஒருவர் பெயரே முன்னிற்கும். யார் எவ்வளவு போட்டார், எந்த நாளில் யாருக்கு, மின்பட்டியலை யார் கட்டுவது, ஒருவர் வேறிடம் பெயர்ந்தால் அவர் பங்கை எந்தக் கணக்கில் திருப்புவது என்பவற்றை, பணம் கொடுக்குமுன், நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் போட்ட நகைப் பணம் அவர்கள் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். விற்பவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்: இன்ன திகதியில், இத்தனை கிலோமீற்றரில், மீற்றர் சோதனையில் இத்தனை யூனிற், வெள்ளத்தில் மூழ்காதது என்று. திறப்பு இரண்டையும், சார்ஜ் வயரையும், பழைய பற்றுச்சீட்டுகளையும் வாங்கிய பின்னரே கடைசிக் காசை எண்ணுங்கள்; சார்ஜ் வயர் இல்லாமல் வந்தவர்கள் அதைத் தனியாக வாங்கப் போய் விலை கேட்டுத் திகைத்ததுண்டு.